அரக்கில் மனை வாங்கலாமா?

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மௌலா அலியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வழவழப்பான வண்ணத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நம் சங்கத்து உறுப்பினர்தான். பலருக்கும் அறிமுகமானவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அவருடைய சம்மதத்தின் பேரிலேயே இதை எழுதுகிறேன்.

"சார், நீங்க ரயில்வேயில முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். அரக்கு லைன்ல போயிருப்பீங்க. இந்த இடம் எப்படின்னு சொல்லுங்க" என்று தாளை நீட்டினார்.

பனி மூடிய மலை, காப்பிச் செடி, ஓட்டு வீடு ஒன்று. கீழே 'அரக்குப் பள்ளத்தாக்கில் உங்களுக்கென்று ஒரு மலை வீடு' என்ற வாசகம். இருநூறு கஜம் மனை, விலை ஒன்பது லட்சம். இப்போதைக்கு 99 ஆண்டுக் குத்தகை. பிற்பாடு 'சட்டம் மாறியதும்' நம் பெயருக்குப் பதிவு. நண்பர் ஏற்கெனவே டோக்கன் பணமாக இருபத்தையாயிரம் கொடுத்துவிட்டார். மீதியைத் தீபாவளிக்குள் கட்ட வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணம் அது.

"எதுக்குங்க அவ்வளவு தூரத்துல மனை?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். தாயார் காலமான பிறகு சகோதரர்கள் பாகம் பிரித்ததில் ஊர் வீடு விலைக்குப் போய்விட்டது. இங்கே இருப்பது மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட். "பேரப் பிள்ளைங்க, உங்க ஊர் எது தாத்தான்னு கேட்டா, காட்டுறதுக்கு ஒரு பிடி மண் வேணும் சார். அது அமைதியான இடமா இருந்தா நல்லதுதானே" என்றார்.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு இந்த ஏக்கம் உண்டு. ஆகையால் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. "பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னேன். ஐப்பசி முதல் வாரத்தில் அவரும் அவர் மனைவியும், நானும், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுமாக நால்வர் கிளம்பினோம்.

மாலையில் கோதாவரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் வேளையில் விசாகப்பட்டினம். அங்கிருந்து காலையில் கிரந்துல் செல்லும் வண்டியைப் பிடித்தால் சுமார் நான்கு மணி நேரத்தில் அரக்கு போய்ச் சேரலாம். கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி 2017-இலிருந்து ஓடுகிறது. நாங்கள் சாதாரணப் பெட்டியில்தான் போனோம். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கிக்கொண்டு போகாத மலைப் பயணம் என்ன பயணம்?

கொத்தவலசா என்ற சந்திப்பில் சென்னை–ஹௌரா பிரதான பாதையிலிருந்து நம் பாதை பிரிகிறது. இங்கிருந்து சத்தீஸ்கர் மாநிலத்துக் கிரந்துல் வரை ஏறத்தாழ 445 கிலோமீட்டர். 'கே.கே. லைன்' என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது இதைத்தான். பேரன் கேட்டான்: "இவ்வளவு காட்டுக்குள்ள யாரு தாத்தா டிக்கெட் வாங்குவாங்க? எதுக்கு இந்த லைன் போட்டாங்க?"

நல்ல கேள்வி. பதில் ஜப்பானில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன ஜப்பான், எஃகுத் தொழிலைக் கொண்டுதான் எழுந்து நின்றது. ஆனால் அங்கே இரும்புத் தாது போதுமான அளவில் கிடையாது. நம் பஸ்தார் காட்டில் பெய்லாடிலா மலைத் தொடரில் உயர்ந்த ரகத் தாது மலை மலையாகக் கிடந்தது. வெளிநாடு ஒன்றுக்கு ஜப்பான் முதன்முதலாக யென் கடன் கொடுத்தது 1958-இல். அதைப் பெற்ற நாடு இந்தியா. அதே 1958-இல் தாதுவைத் தோண்ட என்.எம்.டி.சி. தொடங்கப்பட்டது. இன்றும் அதன் தலைமை அலுவலகம் நம் ஹைதராபாத்தில் மாசாப் டேங்க் பகுதியில் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது நீங்கள் பார்த்திருக்கலாம். ஜப்பானிய எஃகு ஆலைகளுடன் 1960-இல் உடன்பாடு ஏற்பட்டது. தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுவர வழி வேண்டுமே என்று கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, 58 சுரங்கங்களுடன் இந்தப் பாதையை 1960-களில் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தாது ஜப்பானுக்குப் போனது. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி கம்பெனி கட்டிய சில சரக்கு எஞ்சின்கள் அங்கிருந்து வந்து இதே பாதையில் தாது வண்டிகளை இழுத்தன. தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் கேஜில் ஓடிய பழைய மின்சார எஞ்சின்களும் ஜப்பானில் கட்டியவைதாம். நம் வாசகர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆக, இந்த ரயில் பாதை அரக்கு மக்களுக்காகப் போடப்பட்டதன்று. அவர்கள் மலை வழியாகப் போகிறது, அவ்வளவே. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டவரா ஸ்டேஷன் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. நான் தண்டவாளப் பிரிவுக்காரன். டிப்ளமோ படித்துச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை சரிவும் வளைவும்தான் எனக்குச் சோறு போட்டன. எனவே இதைச் சொல்லாமல் விட முடியாது.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்க முடிகிறது. ஆனால் அதே காரணத்தால் செங்குத்தாக ஏற முடியாது, சக்கரம் வழுக்கும். இந்த மலையில் வைத்திருக்கும் சரிவு 60-க்கு 1, அதாவது 60 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயரலாம். ஷிமிலிகுடா ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 900 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 900-ஐ 60-ஆல் பெருக்கினால் 54,000 மீட்டர், அதாவது 54 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை வேண்டும். ஆனால் மலை நமக்கு அவ்வளவு இடம் தருமா? தராது. எனவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, மடிப்புகளுக்குள் நுழைந்து வெளியே வந்து, நீளத்தைச் 'சம்பாதித்து'க்கொள்கிறது. சற்று முன் கடந்து வந்த தண்டவாளம் ஜன்னலுக்கு வெளியே கீழே தெரிவது இதனால்தான். 54 என்பதும் குறைந்தபட்சக் கணக்கு. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசுவதால் இழுவை கூடும். அங்கே சரிவைக் குறைத்துவிட வேண்டும். ஸ்டேஷனில் வண்டி தானே உருண்டு போகாமல் நிற்க வேண்டும். அங்கே 400-க்கு 1-ஐ விட அதிகச் சரிவு கூடாது என்பது விதி. இதையெல்லாம் சேர்த்தால் பாதை இன்னும் நீளும்.

நம் நீலகிரி ரயில் ஏன் இப்படிச் சுற்றுவதில்லை? 1899-இல் திறந்த மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் கல்லாற்றுக்கு மேலே சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. அங்கே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினில் பல் சக்கரம் வைத்துக் கடித்துக் கடித்து ஏறுகிறது. ஜப்பானியரும் உசுயி கணவாயில் 1893-இலேயே இதே முறையில் மலையேறினார்கள். ஆனால் பல் சக்கரத்தில் நாலாயிரம் டன் தாது வண்டியை ஓட்ட முடியாது. எனவேதான் அரக்குக்கு 60-க்கு 1.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். தாது ஏற்றிய வண்டி கடலை நோக்கி இறங்கும்போது அதன் எடையே அதற்கு எமன். பிரேக் கட்டைகள் சூடேறினால் பிடிக்காது. எனவே மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தை அடக்குவார்கள். அதையும் மீறி வண்டி ஓடினால் அதைத் திருப்பிவிட்டு நிறுத்துவதற்கென்று மலைப் பாதைகளில் மேல் நோக்கிச் செல்லும் தனித் தண்டவாளம் போடுவது வழக்கம். அது ஒருநாளும் பயன்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அதைப் பராமரிப்போம்.

பேரன் சுரங்கங்களை எண்ணிக்கொண்டே வந்தான். முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. பொர்ரா குகை ஸ்டேஷனில் பாதி வண்டி காலியாயிற்று. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கிய குகை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் புத்தகங்களில் பரவலாகச் சொல்வதுபோல 1807-இல் புவியியல் ஆய்வுத் துறைக்காரர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை நம்ப வேண்டாம். அந்தத் துறை தொடங்கியதே 1851-இல்தான். மேலும், அங்கே வாழ்ந்த மக்களுக்குத் தெரியாத குகையா அது?

ஷிமிலிகுடா நெடுங்காலம் அகலப் பாதை ஸ்டேஷன்களிலேயே மிக உயரமானது என்ற பெருமையுடன் இருந்தது. காஷ்மீர் பள்ளத்தாக்கில் 2008-இல் ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தப் பெருமை போயிற்று. அடுத்த ஸ்டேஷன் அரக்கு.

ஊர் பெரிய ஊரன்று. ஒரு கடைத்தெரு, பழங்குடியினர் அருங்காட்சியகம், விடுதிகள், அதற்கப்பால் வயல், வயலுக்கப்பால் மலை. அன்று மாலை நாங்கள் விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தபோது, மௌலா அலியில் இரவும் பகலும் ஷன்டிங் சத்தத்தில் வாழ்ந்து பழகிய என் காதுக்கு முதலில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. பிறகு ஓடைச் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டும் குரல் கேட்டது. நண்பரின் மனைவி, "நம்ம ஊர்ல மார்கழி விடியற்காலை இப்படித்தான் இருக்கும்" என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். 'வாங்கிவிட வேண்டியதுதான்' என்பது அந்தப் பார்வையின் பொருள்.

மறுநாள் காலை, தாளில் குறித்திருந்த இடத்தைத் தேடி ஆட்டோவில் போனோம். ஆட்டோ ஓட்டிய பையன் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு காப்பித் தோட்டத்தருகே இறக்கிவிட்டான். தோட்டம் என்றதும் குன்னூர், வால்பாறை எஸ்டேட் போல எண்ண வேண்டாம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். மரத்தில் மிளகுக் கொடி. ஒரு குடும்பத்துக்கு ஓரிரண்டு ஏக்கர். இப்படிச் சிறு துண்டுகளில் விளைவதுதான் இன்று பாரிஸ் வரை போயிருக்கும் அரக்குக் காப்பி. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தோட்டத்துக்காரர் நடுத்தர வயதினர். வீட்டில் ஒரு மொழி பேசுகிறவர், எங்களிடம் தெலுங்கில் பேசினார். நண்பர் தாளைக் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்திலிருப்பது என் மாமன் தோட்டம். அவர் யாருக்கும் விற்கவில்லையே. விற்கவும் முடியாதே" என்றார். பிறகு, ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல, "ஒன் ஆஃப் செவன்டி இருக்கிறதே" என்றார்.

இந்தச் சொல்லை நம் வாசகர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

மலைவாழ் மக்களிடமிருந்து சமவெளி வியாபாரிகளும் வட்டிக்குக் கொடுப்போரும் நிலத்தைப் பறித்துக்கொள்வது பழைய கதை. விசாகப்பட்டினத்து மலைப் பகுதி அப்போது நம் சென்னை மாகாணத்தில் இருந்தது; அதை 'ஏஜென்சி' என்பார்கள். வெள்ளைக்கார அரசே 1917-இல் ஒரு சட்டம் செய்து, மலைவாசியின் நிலத்தை மற்றவர் வாங்க அரசு ஏஜென்டின் அனுமதி வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பின் ஆந்திரப் பிரதேச அரசு 1959-இல் முதலாம் எண் ஒழுங்குமுறை விதியைக் கொண்டுவந்தது. 1970-இல் வந்த முதலாம் எண் விதி அதைத் திருத்தி மேலும் இறுக்கியது. 1970-இன் முதலாவது என்பதுதான் 'ஒன் ஆஃப் செவன்டி'. அதன்படி அட்டவணைப் பகுதியில் நிலத்தைப் பழங்குடியினருக்கு மட்டுமே மாற்ற முடியும். பழங்குடியல்லாத ஒருவர் இன்னொரு பழங்குடியல்லாதவருக்கும் விற்க முடியாது.

'நான் வாங்கவில்லையே, குத்தகைக்குத்தானே எடுக்கிறேன்' என்று ஒருவர் கேட்கலாம். நண்பரும் அதைத்தான் கேட்டார். ஹைதராபாத் திரும்பியதும் அந்த விதியை எடுத்துப் படித்தேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். 'மாற்றம்' என்ற சொல்லுக்கு அதில் கொடுத்திருக்கும் பொருளில் விற்பனை, அடமானம், குத்தகை, தானம், பரிவர்த்தனை, அந்தச் சொத்தைப் பற்றிய ஒப்பந்தம் எல்லாமே அடங்குகின்றன. 99 ஆண்டும் செல்லாது, 9 ஆண்டும் செல்லாது. அதிகாரிகள் வெளியேற்றி நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்கலாம். கொடுத்த பணத்துக்கு நாம் யாரிடம் போய் நிற்பது? இந்த விதி அரக்குக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். தெலங்கானாவிலும் பத்ராசலம், உட்னூர், ஏடூருநாகாரம் பக்கங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கும் இது பொருந்தும். 'மலை வீடு', 'காட்டு வீடு' என்று யாராவது தாள் நீட்டினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஊர் அட்டவணைப் பகுதியா என்பதே.

தனி மனிதர்களை மட்டுமல்ல, அரசாங்கத்தையே இந்த விதி கட்டியிருக்கிறது. பொர்ரா குகையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சுரங்கம் தோண்டத் தனியார் கம்பெனிகளுக்கு மாநில அரசு குத்தகை கொடுத்தது. சமதா என்ற தொண்டு நிறுவனம் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1997 ஜூலையில் தீர்ப்பு வந்தது: 'நபர்' என்ற சொல்லில் அரசும் அடங்கும், ஆகவே அட்டவணைப் பகுதி நிலத்தை அரசும் பழங்குடியல்லாதவருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது. மூன்று நீதிபதிகளில் இருவர் இப்படிச் சொன்னார்கள். தாது வண்டி போகும் அதே மலையில், அதே பாதையோரத்து ஸ்டேஷனருகே இது நடந்தது. இல்லையென்றால் நாங்கள் கேட்ட ஓடைச் சத்தத்துக்குப் பதில் பாறை உடைக்கும் யந்திரச் சத்தம் கேட்டிருக்கும்.

சட்டம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறதா? இல்லை. பினாமி பெயரில் கட்டடம் எழுப்புவோர் அரக்கிலும் உண்டு. தோட்டத்துக்காரர் இன்னொன்றும் சொன்னார். "நீங்கள் அமைதி அமைதி என்கிறீர்கள். எங்கள் மேல் ஊருக்கு ரோடே கிடையாது. பிரசவ வலி வந்தால் கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்." அந்த மாவட்டத்தில் பல மலைக் கிராமங்களின் நிலை இது, செய்தித்தாள்களில் இன்றும் அடிக்கடி வருகிறது. 445 கிலோமீட்டர் இரும்புப் பாதை போட மலையைக் குடைந்த நாம், நாலைந்து கிலோமீட்டர் மண் சாலை போடாமல் விட்டிருக்கிறோம். ரயில்வேக்காரனாகிய எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் நண்பர் மௌனமாக வந்தார். மாலையில் தேநீர் குடிக்கும்போது, "சார், உங்க பொண்ணு இருக்கிற ஜப்பான்ல மலை ஊர் வீட்டை யார் வேணும்னாலும் வாங்கலாமாமே? வெளிநாட்டுக்காரனுக்குக்கூடத் தடை இல்லையாமே? இங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். குறை சொல்லும் தொனிதான். ஆனால் நியாயமான கேள்வி.

என் மகள் குடும்பம் நகோயாவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் போயிருந்தபோது, ஒருநாள் மருமகன் எங்களை கிசோ பள்ளத்தாக்கிலுள்ள ட்சுமாகோ என்ற மலையூருக்கு அழைத்துப் போனார். நகோயாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் நாகிசோ ஸ்டேஷன். அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். தோக்கியோவையும் கியோத்தோவையும் மலை வழியாக இணைத்த நகாசெண்டோ என்ற பழைய பெருவழியில் 69 தங்குமிடங்கள் இருந்தன. அவற்றில் 42-ஆவது ட்சுமாகோ. நம் ஊர்ச் சத்திரங்களைப்போல வழிப்போக்கர்களை நம்பிப் பிழைத்த ஊர்.

அந்த ஊரை முதலில் கெடுத்ததும் ரயில்தான். 1911-இல் முழுமையடைந்த சூவோ பாதை ஆற்றோரமாக நாகிசோ வழியே போய்விட்டது; ட்சுமாகோவுக்கு வரவில்லை. வழிப்போக்கர் நின்றார்கள், வருமானம் நின்றது, இளைஞர்கள் வெளியேறினார்கள். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவும் ஊரில் பணம் இல்லை. அந்த வறுமையால்தான் பழைய மர வீடுகள் அப்படியே நின்றன. 1968-இல் அவற்றைப் பழுது பார்க்கும் வேலை தொடங்கியது. பயணிகள் வரத் தொடங்கினால் பணக்காரர்களும் பின்னாலேயே வருவார்கள் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. 1971-இல் அவர்கள் கூடித் தமக்குத் தாமே மூன்று விதிகள் செய்துகொண்டார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல் அரசும் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. பகலில் பிரதான தெருவில் கார் விடுவதில்லை. மின்கம்பிகளும் கண்ணில் படுவதில்லை.

நாங்கள் போன அன்று சாரல். தெருவில் எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர். என் மனைவி சைவம் என்பதால் சாப்பாடு ஒரு பிரச்சினை. அங்கே குழம்பு என்றால் மீன் சாறு இல்லாமல் இராது. அரிசிச் சோற்றைப் பிசைந்து குச்சியில் ஒட்டிச் சுட்டுத் தரும் கொஹேய் மோச்சியைப் பார்த்ததும் ஆசைப்பட்டாள். அதன் மேல் தடவும் பசையில் என்ன இருக்கிறது என்று மருமகன் விசாரித்த பிறகே வாயில் வைத்தாள். நாகிசோ ஸ்டேஷன் அருகில், நீர்மின் நிலையம் கட்டும் வேலைக்காக 1922-இல் எழுப்பிய 247 மீட்டர் நீளத் தொங்கு பாலம் மரப் பலகைகளுடன் இன்றும் நிற்கிறது. நான் அதன் ஆணிகளையும் கம்பிகளையும் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு ரயிலைத் தவறவிட்டோம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். ஜப்பானில் யாரும் வாங்கலாம் என்பது உண்மைதான். 2023-இல் எடுத்த கணக்குப்படி அங்கே 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருக்கின்றன. ஏறத்தாழ ஏழு வீட்டுக்கு ஒன்று. மலையூர்களில் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். அங்கே மலிவாகக் கிடைப்பது, ஊரார் விட்டுப்போன வீடு. உங்கள் மன்னார்குடி வீடு போல. ஆனால் ஊரில் ஆள் இருக்கிற ட்சுமாகோவில் 'விற்பதில்லை' என்று அவர்களே எழுதி வைத்தார்கள். அரக்கில் ஆள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்காரரின் பாட்டனும் அங்கே இருந்தார், பேரனும் இருப்பான். அவர்கள் எழுதி வைக்க வேண்டியதை இங்கே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அப்படி எழுதி வைக்காத மலைகளின் கதியும் நமக்குத் தெரியும். உதகையில் 1822-இல் கலெக்டர் சல்லிவன் ஒரு கல் வீடு கட்டினார். இருநூறு ஆண்டு கழித்து, 2024 மே மாதம் முதல், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குக் கூட்டம் முட்டிற்று.

நண்பர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "நாம வித்த வீட்டுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருக்கலாம்" என்றார்.

அரக்குக்குப் போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். டிசம்பர், ஜனவரியில் அமைதியைத் தேடிப் போகாதீர்கள், கார்கள்தான் இருக்கும். ஐப்பசியிலோ, மழை விட்ட புரட்டாசிக் கடைசியிலோ போகலாம். பெரு மழை நாட்களில் மண் சரிந்து ரயில் நிற்பதுண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளவும். இப்போது இரண்டாவது தண்டவாளம் போடும் வேலையும் நடப்பதால் வண்டி ஆங்காங்கே நிற்கும், பொறுமை வேண்டும். காப்பித் தூளை 1956 முதல் இயங்கும் கிரிஜன் கூட்டுறவுக் கழகத்தின் கடையில் வாங்குங்கள். வாரச் சந்தையில் மஞ்சளும் ராஜ்மாவும் கிடைக்கும்; அங்கே பேரம் பேசாதீர்கள். பெண்களை அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். நம் வீட்டு வாசலில் யாராவது காமிராவுடன் வந்து நின்றால் நாம் சும்மா இருப்போமா?

நண்பர் மீதிப் பணத்தைக் கட்டவில்லை. தை மாதம் பேரப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போய், விற்ற வீட்டையாவது வெளியிலிருந்து காட்டிவிட்டு வரலாம் என்றிருக்கிறார். டோக்கனாகக் கொடுத்த இருபத்தையாயிரம் இதை எழுதும் வரை திரும்பி வரவில்லை. வாரம் ஒரு முறை போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.